அசல் சான்றிதழும் அறுகோணங்களும்

என் அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்று கூப்பிடுவேன். எங்கள் சொந்தத்தில் அப்பா என்றால் நைனா, அக்கா புருஷன் என்றால் பாவா. மற்றபடி வீட்டில் பேசுவது தமிழ்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் படிப்புச் சான்றிதழ்கள் மொத்தமும் ஐந்து வருடம் ஓர் இரும்பு பீரோவுக்குள் கிடந்ததற்கும், அதை நான் சண்டை போட்டு வாங்காமல் இருந்ததற்கும் காரணம் அந்த உறவுதான். பூட்டி வைத்தவர் வெறும் முதலாளியாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம். பாவாவாக இருந்தால் எங்கே போவது? அக்கா வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் அவர்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

பாவாவின் ஆபீஸ் திருத்தணியில், மலைக்குப் பஸ் ஏறுகிற சாலையில், ஒரு பூஜை சாமான் கடையின் மாடியில் இருக்கிறது. ஆரம்பத்தில் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்து பேனரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சென்னையில் இருந்த ஒரு கம்பெனி வழியாக வெளிநாட்டுப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் வேலை கிடைத்தது. அறையில் ஒரே ஒரு ஜன்னல். அதற்கு வெளியே கீழ்க்கடையின் பெயர்ப்பலகையை நிறுத்திவைத்திருந்தார்கள். அதனால் வெயில் எங்களுக்கு அந்தப் பலகையின் மஞ்சள் நிறத்தில்தான் வரும். வெளியே மழையா வெயிலா என்று தெரிய வேண்டுமென்றால் மாடிப்படி இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

நான் வேதியியலில் எம்.எஸ்சி. படித்தேன். தினமும் ரயிலில் அரக்கோணம் போய், அங்கே வண்டி மாறி, சென்னைக்குப் போய் நின்றுகொண்டே படித்த படிப்பு அது. பிறகு பி.எட். முடித்தேன். அரசுப் பள்ளியில் வேலை கிடைக்கும்வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று பாவாதான் கூப்பிட்டார். ரசாயனப் புத்தகங்களுக்கு அப்போது ஆள் தேடிக்கொண்டிருந்தார். "ரெண்டு மாசம் வந்து உக்காரும்மா, அப்பால உன் இஷ்டம்" என்றார். சென்னைக் கம்பெனியிலிருந்து ஆபீஸைப் பார்வையிட வருகிறார்கள், வேதியியல் படித்தவர் இருப்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்று சொல்லி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பி.எட். வரை இருந்த என் பச்சை நிற ஃபைலை அப்படியே வாங்கிக்கொண்டார். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஃபைல் மட்டும் பீரோவிலேயே தங்கிவிட்டது.

கேட்டேன். கேட்காமல் இல்லை. "உங்க வீட்ல மழ பேஞ்சா ஒழுகுது. இங்கன்னா பத்திரமா இருக்கும்ல?" என்பார். எங்கள் வீடு ஒழுகுவது உண்மை என்பதால் அதற்குமேல் எனக்குப் பேச வராது. இந்தப் பக்கத்தில் சின்னச் சின்ன கம்பெனிகளும் தனியார் பள்ளிகளும் அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது புதிதும் இல்லை. வேலை கற்றுக்கொண்ட கையோடு ஆட்கள் சென்னைக்கு ஓடிவிடுகிறார்கள் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். பாவாவிடமும் இரண்டு பேர் அப்படி ஓடியிருந்தார்கள். அவர்கள் ஓடியதற்கு நான் கட்டிப்போடப்பட்டேன்.

நான் செய்த வேலையை வெளியாட்களுக்குப் புரியவைப்பது சிரமம். "எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல படம் வரையுது" என்று நைனா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அதைக் கேட்டுவிட்டு ஒருமுறை பக்கத்து வீட்டம்மா கோலப் போட்டிக்குப் புள்ளி வைத்துத் தரச் சொல்லி வந்துவிட்டார். கோபம்தான் வந்தது. ஆனாலும் வரைந்து கொடுத்தேன். அறுகோணம் போடுவதில் இந்தத் தாலுகாவிலேயே என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

வரைவது உண்மைதான், ஆனால் அது படம் இல்லை. யாரோ ஒரு பேராசிரியர் காகிதத்தில் கிறுக்கி அனுப்பிய மருந்து மூலக்கூறை, அதற்கென்றே இருக்கும் மென்பொருளில் அறுகோணமும் கோடுமாகப் போடுவேன். மற்ற இடத்தில் கோடு என்றால் வெறும் கோடு. இந்த மென்பொருளுக்கு அது இரண்டு அணுக்களுக்கு நடுவே இருக்கும் பிணைப்பு என்று தெரியும். கோடு முடிகிற முனையில் ஒரு கார்பன் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். கார்பனுக்கு நாலு கைதான். அசந்துபோய் ஐந்தாவது கை கொடுத்தால் சிவப்புக் கட்டம் போட்டு முறைக்கும். அப்படி வரைந்ததை ஆவணத்துக்குள் வைத்து அனுப்பினால், எங்கோ இருக்கும் வாசகர் அதைத் தொட்டதும் மூலக்கூறாகவே திறக்கும். தன் பெயரைச் சொல்லும், எடையைச் சொல்லும். அதே மூலக்கூறு வேறெந்தக் கட்டுரையில் வருகிறது என்று தேடலாம். ஒரு கிளையை மாற்றிப் போட்டு அவர் தன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். இதையே படமாக மாற்றி ஒட்டினாலும் திரையில் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் படத்தைத் தொட்டால் ஒன்றும் நடக்காது.

அந்த மென்பொருளுக்கு ஒரே ஒரு கணினிக்குத்தான் உரிமம் வாங்கியிருந்தார்கள். அதனால் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்றுகூடக் கேட்க முடியாது. கணினி மேசையை விட்டு நகராது, நான் கணினியை விட்டு நகரக்கூடாது. என் கையால் போட்ட மூலக்கூறுகள் எந்தெந்த நாட்டிலோ எந்தெந்தத் திரையிலோ திறந்துகொண்டிருந்தன. நான் காலையில் மாடி ஏறி மாலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது.

ஐந்தாவது வருடம், அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வில் நான் தேறினேன். ஆபீசுக்குத் தெரியாமல் படிக்கவில்லை. பாவாவே ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். திருவள்ளூரில் ஒரு வியாழக்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு என்று அறிவிப்பு வந்தது. அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும், வராவிட்டால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும் என்று அதிலேயே தெளிவாகப் போட்டிருந்தது. இன்னும் மூன்று வாரம் இருந்தது. அன்றைக்கே பாவாவிடம் கேட்டேன்.

"குடுக்காம எங்க போவப்போறேன்? இந்த புக்கு முடியட்டும்" என்றார்.

அது மருந்து வேதியியல் பற்றிய தடிமனான புத்தகம். முடிந்து அனுப்பியும்விட்டோம். நான் மனதுக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்திருந்தேன். எந்தப் புடவை கட்டுவது என்றுகூட யோசித்துவைத்திருந்தேன். அப்போதுதான் புத்தகம் திரும்பி வந்தது. பல அத்தியாயங்களில் மூலக்கூறுகள் கை மாறியிருக்கின்றன, எல்லாவற்றையும் சரிபார்க்கவும் என்று நூலாசிரியர் எழுதியிருந்தார்.

கை மாறுவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சில மூலக்கூறுகளுக்கு வலது இடது உண்டு. நம் இரண்டு கைகளைப் போலத்தான். எல்லா விரலும் அதேதான், ஆனால் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. தாளில் வரையும்போது, நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பிணைப்பைத் தடித்த ஆப்பு மாதிரியும், பின்னால் போகும் பிணைப்பைக் கோடு கோடாகப் பிளந்த ஆப்பு மாதிரியும் போட்டு இந்த வித்தியாசத்தைக் காட்டுவோம். கண்ணாடியில் காட்டியதுபோல் படத்தைத் திருப்பினால் வலது இடதாகிவிடும். மருந்தில் வலது வேலை செய்யும். இடது சும்மா கிடக்கும், சில நேரம் கெடுதலும் செய்யும்.

நான் அனுப்பிய ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. பக்கத்தில்தான் தப்பாக இருந்தன. பக்கம் வடிவமைக்கும் அண்ணன் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவர். ஆபீஸ் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறார். பக்கத்தை அவர் திரையில் காட்டிக் கேட்டேன்.

"அண்ணா, இத நீங்க திருப்பினீங்களா?"

"ஆங். வால் வெளிய பாத்துகினு இருந்துச்சிம்மா. உள்பக்கமா திருப்பிட்டேன்."

"திருப்பினா எழுத்தெல்லாம் கண்ணாடில பாக்கற மாதிரி வந்திருக்குமே?"

"வந்துச்சி. நானே ஒவ்வொண்ணா அழிச்சிட்டு நேரா டைப் பண்ணி வெச்சேன். எத்தினி வேல தெரியுமா?"

கல்யாணப் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மணமக்கள் படமோ, மயிலோ, சாமி படமோ, பத்திரிகையை விட்டு வெளியே பார்க்கக்கூடாது. உள்ளே, எழுத்துப் பக்கம் பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் வருகிற லட்சுமி அப்படியே போய்விடுவாள் என்பார்கள். அதனால் படம் வெளியே பார்த்தால் திருப்பிப் போட்டுவிடுவார்கள். ஒருமுறை அண்ணன் முருகனையே திருப்பிவிட்டு, வேல் கை மாறி, பெண் வீட்டார் வந்து கூச்சல் போட்ட கதை எங்கள் ஆபீஸில் பிரசித்தம். அதே கையால்தான் வலப்பக்கத்தில் வால் மாதிரிக் கிளை நீட்டியிருந்த மருந்துகளையும் உள்ளே திருப்பியிருக்கிறார். நான் உயிரோடு கொடுத்த மூலக்கூறு பக்கத்தில் திரும்ப மறுக்கிறது என்று அதைப் படமாக மாற்றி, அப்புறம் திருப்பியிருக்கிறார். அவர் அக்கறையாகச் செய்த வேலை அது. எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

"எதெத திருப்பினீங்கண்ணா?"

"அதெல்லாம் எங்கம்மா ஞாபகம் இருக்குது?"

இடப்பக்கம் விழுந்தவற்றைத் திருப்பாமல் விட்டிருந்தார். திருத்தத்தில் பக்கங்கள் இடம் மாறி, முன்பு வலப்பக்கம் இருந்தது இடப்பக்கம் வந்தபோது சிலவற்றை மறுபடியும் திருப்பியிருந்தார்; அவை தானாகவே சரியாகிவிட்டன. ஆகவே ஒவ்வொன்றையும் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆபீஸில் அதைச் செய்யத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

"இந்த நேரத்துல நீயும் கை விட்டியானா நான் இன்னாம்மா பண்றது?" என்றார் பாவா. "இத முடிச்சிக் குடு. ஃபைல எடுத்துனு போ."

முடித்துக் கொடுத்தேன். அந்த வாரம்தான் ஆடிக் கிருத்திகை வந்தது. மலைச்சாலை முழுக்கக் காவடி. மாடிப்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரர்களைத் தாண்டி டீ குடிக்கக்கூட இறங்க முடியாது. பம்பைச் சத்தமும் அரோகரா சத்தமும் சுவர் வழியாக வந்துகொண்டேயிருந்தன, ஆனால் ஒரு காவடியைக்கூட நான் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே அந்த மஞ்சள் பலகைதான். நான் ஆப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடித்தது, பிளந்தது, தடித்தது, பிளந்தது. பீரோ எனக்கு நேர் பின்னால் இருந்தது. யாராவது அதன்மேல் சாய்ந்தால் தகரம் சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதுகு கூசியது.

திங்கட்கிழமை மதியம் கடைசிப் பக்கம் போனது. எழுந்து நேராக பாவா மேசைக்குப் போய் நின்றேன். வியாழக்கிழமை சரிபார்ப்பு.

அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். சென்னைக் கம்பெனிக்கு வேதியியல் படித்த ஒருவர் ஆபீஸில் இருப்பதாக எப்போதும் காட்ட வேண்டும். இந்தத் தவறுக்கு அப்புறம் அவர்கள் இன்னும் கறாராகிவிட்டார்கள். பள்ளிப்பட்டிலிருந்து ஒரு பெண் நாளைக்கு வருகிறாள். "அந்தப் பொண்ணு ஃபைல உள்ள வெச்சிட்டா, உன் ஃபைல நீ எடுத்துக்க. அவ்ளோதான்மா."

அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பூக்கூட வாங்கினேன்.

மறுநாள் அந்தப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். போன வருடம்தான் எம்.எஸ்சி. முடித்தவள். சோதித்துப் பார்க்கச் சொல்லி பாவா என்னிடம் விட்டார். நாற்காலியைக் கொடுத்து, ஒரு மூலக்கூறைக் காட்டி வரையச் சொன்னேன். பழக்கமில்லாத மென்பொருள், அவசரத்தில் ஒரு கார்பனுக்கு ஐந்தாவது கை கொடுத்துவிட்டாள். சிவப்புக் கட்டம் வந்ததும் பயப்படவில்லை. "அய்யோ, பாவம் இது" என்று தானே சிரித்துக்கொண்டு அந்தக் கோட்டை எடுத்துவிட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் இருந்திருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"வேல கத்துக்கும், பாவா" என்றேன்.

பாவா பீரோவைத் திறந்தார். என் பச்சை ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் கையை நீட்டினால் எட்டும் தூரம். பிறகு அந்தப் பெண்ணிடம் சான்றிதழ்களைக் கேட்டார். அவள் ஜிப் வைத்த நீலப் பையை மடியிலிருந்து எடுத்தாள். அவள் அம்மா அதன்மேல் கை வைத்தார்.

"ஒரிஜினலு எதுக்குங்க?"

"பத்திரமா இருக்கும்மா. பார்வையிட வர்றவங்களுக்கு காட்டணும்ல? இதோ பாருங்க, எங்க மச்சினிச்சிதுகூட இங்கதான் இருக்குது."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். கூலி வேலைக்குப் போகிறவர் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. "ஏம்மா, நீ சொல்லு. கேட்டா குடுத்துடுவாங்களா?"

நான் ஆங் என்று சொல்லியிருந்தால் போதும். முழுப் பொய்கூட இல்லை; இதோ கொடுக்கிறார்தானே, மேசைமேல் இருக்கிறதே. பாவா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் ஃபைலின் ஓரத்தில் நான் கல்லூரி நாளில் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் உரியாமல் இருந்தது தெரிந்தது. இந்த அம்மா அண்ணனைக் கேட்டிருக்கக் கூடாதா, கீழே கடைக்காரரைக் கேட்டிருக்கக் கூடாதா என்று அவர்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

"கேட்டுகினேதாங்க இருக்கேன்" என்றேன்.

"எத்தினி நாளா?"

"அஞ்சு வருசமா."

அந்த அம்மா நீலப் பையைத் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "வாம்மா, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார். அந்தப் பெண் என்னை நன்றியோடு பார்த்தாள் என்று எழுத ஆசைதான். அவள் அப்படிப் பார்க்கவில்லை. பள்ளிப்பட்டில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு வேலை எப்போது வருமோ என்று அவளுக்குத் தெரியாது. கையில் விழுந்ததைத் தட்டிவிட்டவளைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தாள். படி இறங்குகிற சத்தம் கேட்டது.

பாவா கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை அவர். ஃபைலை எடுத்து, மேலே படிந்த தூசியைக் கையால் துடைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். "நல்லா பேசினம்மா" என்றார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே போனார்.

சாயங்காலம் அக்காவைப் பார்க்கப் போனேன். அதற்குள் அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"ஏன்டி, அவரு மானத்த வாங்கிட்டியே. ஒரு ஆங் சொல்லியிருந்தா எல்லாருக்கும் நல்லதா போயிருக்கும்ல?"

"அந்தப் பொண்ணுக்கு?"

"அந்தப் பொண்ணு உனக்கு யாருடி?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "நீ போய்டுவ. ஆள் இல்லன்னு மெட்ராஸ்காரன் வேலைய நிறுத்திட்டான்னா, எங்க வீட்ல அடுப்பு எதுல எரியும்? அத யோசிச்சியா நீ?"

யோசித்திருந்தேன். ஐந்து வருடமாக யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். இவளுக்கும் அந்த பீரோவை விட்டால் வேறு கதி இல்லை. அது தெரிந்ததால்தான் என்னால் கத்த முடியவில்லை. சாவியை வாங்கித் தா என்று கேட்டேன். "நீயே கேளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை நான் கேட்பதற்குள் பாவா சென்னைக்குப் போயிருந்தார், கம்பெனிக்காரர்களைச் சமாதானப்படுத்த. சாவி அவரோடு போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பூட்டுக்குச் சாவி போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டுக்கொண்டு வரலாம் என்று மதியம் இறங்கிப் போனேன். அவர் எதிரே நின்றேன். "இன்னாம்மா வோணும்?" என்றார். பீரோவை உடைத்தவள் என்ற பெயரோடு அக்கா வீட்டு வாசலில் எப்படி நிற்பது என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் சொல்பவர்களுக்கு ஒரே ஒரு அக்கா இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை, இருந்த ஜெராக்ஸ் பிரதிகளை எடுத்துக்கொண்டு ரயிலேறித் திருவள்ளூர் போனேன். வராண்டா முழுக்க என்னைப் போன்றவர்கள், எல்லோர் மடியிலும் ஃபைல். என் முறை வந்தது. உள்ளே இருந்த அம்மா என் தாள்களைப் புரட்டினார்.

"ஒரிஜினல் எங்கம்மா?"

"ஆபீஸ்ல இருக்குதுங்க."

"ஒரிஜினல் இல்லாம நான் எத வெச்சி இத சரிபாக்கறது?" கோபமாகக் கேட்கவில்லை. நியாயமான கேள்வி. சாயங்காலத்துக்குள் கொண்டு வந்தால் பார்க்கிறேன் என்றார்.

வெளியே வந்து பாவாவுக்குப் போன் செய்தேன். எடுத்தார். பின்னால் சென்னை பஸ் சத்தம் கேட்டது. "நாளைக்கு காலைல வந்துடறேன்மா. ஒரு நாள்ல இன்னா ஆவப்போவுது? சொல்லிப் பாரு, மனுசங்கதான அவங்களும்?" என்றார். அவர் குரலில் குரோதம் இல்லை. ஒரு நாளில் ஒன்றும் ஆகாது என்று அவர் உண்மையிலேயே நம்பினார். நான் வராண்டாவிலேயே உட்கார்ந்திருந்தேன். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்ததும் எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அழுகை அரக்கோணம் தாண்டித்தான் வந்தது.

சனிக்கிழமை காலை, பாவா என் விசைப்பலகைமேல் பச்சை ஃபைலை வைத்தார்.

"எடுத்துனு போம்மா. அந்தப் பள்ளிப்பட்டு அம்மா கடைத்தெருவுல எல்லாம் சொல்லிட்டு போயிருக்குது. இன்னும் இத வெச்சிகினு இருந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. உங்க அக்காவும் சோறு போடாம முறைச்சிகினு இருக்கறா."

திறந்து பார்த்தேன். ஒவ்வொரு சான்றிதழும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. பூச்சி வராமல் அந்துருண்டை போட்டிருந்தார். ஒரு மடிப்பு இல்லை, ஒரு கறை இல்லை. பத்திரமாக இருக்கும் என்று சொன்னதில் அவர் பொய் சொல்லவேயில்லை.

அன்றைக்கு மதியமே வீட்டுக்குப் போய்விட்டேன். இனிமேல் என்னைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. நைனா ஃபைலைத் தடவிப் பார்த்துவிட்டு, "வந்துச்சே, அது போதும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். சென்னையில் இதே வேலை செய்கிற கம்பெனிகள் இருக்கின்றன. இரண்டு பேருக்குப் போன் செய்தேன். ஒருவர் இப்போதெல்லாம் மென்பொருளே படத்தைப் பார்த்து வரைந்துவிடுகிறது, ஆள் குறைக்கிறோம் என்றார். இன்னொருவர் எடுக்கவில்லை. அடுத்த ஆசிரியர் தேர்வு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. என்னை யாரும் போகாதே என்று சொல்லவில்லை, வா என்று சொல்வதற்கும் எந்த ஊரிலும் ஆள் இல்லை.

திங்கட்கிழமை காலை குளித்து, சாப்பாடு கட்டிக்கொண்டு, பஸ் பிடித்து, அதே மாடி ஏறினேன். ஏறிக்கொண்டிருக்கிறேன் என்பது பாதிப் படியில்தான் எனக்கே உறைத்தது. பாவா தன் மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை, வந்தாயா என்று கேட்கவில்லை. என் கணினியை அவரே போட்டுவைத்திருந்தார். மென்பொருள் திறந்து, வெள்ளைப் பக்கம் தயாராக இருந்தது. பீரோவைப் பூட்டியிருந்த ஐந்து வருடத்தில் எனக்கு ஒருநாளும் அவ்வளவு பயம் வந்ததில்லை.